தூத்துக்குடிக்கு வரும் எரிவாயுக் குழாயில் ஹைட்ரஜன் போகுமா?

ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்த இயற்கை எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரி 17 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 700 கோடி ரூபாய். எண்ணூரில் தொடங்கித் திருவள்ளூர், பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை என்று கிளைபரப்பும் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் சுமார் 1,400 கிலோமீட்டர் தடத்துக்கு இதுவே தென்கோடி. அதன்பின் இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. 2023 ஜனவரி 4 அன்று 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக ஹைட்ரஜன் மையங்களாக வளர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று பெருந்துறைமுகங்களில் காண்ட்லா, பாரதீப் ஆகியவற்றோடு தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் இடம்பெற்றது.

புதைத்த மண் காய்வதற்குள் குழாயின் எதிர்காலமே கேள்விக்குள்ளானது போன்ற நிலை. இருக்கும் எரிவாயுக் குழாயில் ஹைட்ரஜனை அனுப்பலாமா, எவ்வளவு அனுப்பலாம், அனுப்பித்தான் ஆக வேண்டுமா? உலகம் இதற்குப் பல விடைகள் சொல்லியிருக்கிறது. அவை எங்கே பிறந்தன, எங்கே தடுமாறுகின்றன, முத்துக்குளித்துறைக் கரைக்கு எந்த அளவு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

பழைய விடை: நகர எரிவாயு

குழாயில் ஹைட்ரஜன் ஓடுவது புதிதல்ல. நிலக்கரியைச் சுட்டு எடுத்த ‘நகர எரிவாயு’வில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன். 19ஆம் நூற்றாண்டில் கொல்கத்தா, மும்பைத் தெருவிளக்குகள் எரிந்தது அந்த வாயுவில்தான். ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இன்றும் வீட்டு அடுப்புக்கு வரும் நகர எரிவாயுவில் ஹைட்ரஜன் பெரும்பங்கு வகிக்கிறது. ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியில் தூய ஹைட்ரஜனுக்கென்றே 1938 முதல் ஒரு குழாய்வலை இயங்கிவருகிறது.

“ஏற்கெனவே செய்ததுதானே” என்ற வாதம் இங்கிருந்து பிறக்கிறது. அதற்கு ஓர் எல்லையும் உண்டு. நகர எரிவாயு மிகக் குறைந்த அழுத்தத்தில், ஊருக்குள் மட்டும், அதற்கென்றே செய்த அடுப்புகளுக்குப் போன வாயு. மாவட்டங்களைக் கடக்கும் உயரழுத்த எஃகுக் குழாய்க்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. ரூர் வலையும் தொடக்கம் முதலே ஹைட்ரஜனுக்காக வடிவமைக்கப்பட்டது. பிரிட்டன் 1967 முதல் 1977 வரை நகர எரிவாயுவிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறியபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட நுகர்வோரின் அடுப்புகளை வீடுவீடாகச் சென்று திருத்த வேண்டியிருந்தது. மாற்றம் சாத்தியம் என்பதற்கும், அது குழாயோடு முடிவதில்லை என்பதற்கும் அந்தப் பத்தாண்டே சான்று.

முதல் நிலைப்பாடு: கலந்து அனுப்புவோம்

இயற்கை எரிவாயுவில் சிறிதளவு ஹைட்ரஜனைக் கலப்பது எளிதான தொடக்கம் என்பது முதல் தரப்பு. ஐரோப்பாவின் ‘நேச்சுரல்ஹை’ ஆய்வுத் திட்டம் 2004 முதல் 2009 வரை இதை விரிவாகச் சோதித்தது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் ‘ஹைடிப்ளாய்’ திட்டம் கன அளவில் 20 விழுக்காடு வரை கலந்து வீடுகளுக்கும் வளாகக் கட்டடங்களுக்கும் விநியோகித்தது. இந்தியாவில் கெயில் நிறுவனம் 2022 ஜனவரியில் இந்தூர் நகர விநியோக வலையில் கலப்பைத் தொடங்கியது. சூரத் அருகே காவாஸில் என்டிபிசியும் குஜராத் கேஸும் 2023 ஜனவரியில் குடியிருப்பு அடுப்புகளுக்குக் கலப்பு வாயுவைக் கொடுத்தன. அங்கு ஹைட்ரஜன் சூரிய மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பகுத்து எடுக்கப்பட்டது.

இந்தத் தரப்பின் வலிமை அதன் நிதானம். புதிய நிலம் வேண்டாம், புதிய குழாய் வேண்டாம், வாங்குபவரைத் தேட வேண்டாம். பலவீனம் கணக்கில் இருக்கிறது. கன அளவுக்குக் கன அளவு ஒப்பிட்டால் இயற்கை எரிவாயுவின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ஹைட்ரஜனில் உண்டு. ஆகவே 20 விழுக்காடு கலந்தாலும் ஆற்றலில் அதன் பங்கு ஏழு விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். கரி உமிழ்வுக் குறைப்பும் அவ்வளவே.

இன்னொரு சிக்கல், ஒரே தடத்தில் பலவகை நுகர்வோர் இருப்பது. வீட்டு அடுப்பு 20 விழுக்காட்டைத் தாங்கலாம். வாகனங்களில் உள்ள எஃகு சிஎன்ஜி உருளைகளுக்கோ பன்னாட்டுத் தரங்கள் பொதுவாக 2 விழுக்காட்டை எல்லையாக வைக்கின்றன. எரிவாயுச் சுழலிகளுக்கும் அளவுக் கருவிகளுக்கும் தனித்தனி வரம்புகள். தடத்தின் கலப்பு அளவை அதில் உள்ள மிகப் பலவீனமான நுகர்வோரே தீர்மானிக்கிறார். உரம், சுத்திகரிப்பு போன்ற தொழில்களுக்குத் தேவைப்படுவதோ தூய ஹைட்ரஜன். பெருஞ்செலவில் தூய்மையாக எடுத்ததைக் கலந்துவிட்டு மறுமுனையில் மீண்டும் பிரிப்பது கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்குக் கலப்புத் தரப்பு இன்னும் தெளிவாகப் பதில் தரவில்லை.

இரண்டாம் நிலைப்பாடு: முழுக் குழாயையும் மாற்றுவோம்

கலப்பது அரைமனதான வேலை, குழாயை முழுதாக ஹைட்ரஜனுக்குக் கொடுப்பதே சரி என்பது இரண்டாம் தரப்பு. இதன் தாயகம் வடமேற்கு ஐரோப்பா. நெதர்லாந்தில் 2018இல் டவ், யாரா தொழிற்சாலைகளுக்கு இடையே கிடந்த 12 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் ஹைட்ரஜனுக்கு மாற்றப்பட்டது. ‘ஐரோப்பிய ஹைட்ரஜன் முதுகெலும்பு’ என்ற பெயரில் எரிவாயுக் குழாய் நிறுவனங்கள் 2020இல் வெளியிட்ட திட்டம், கண்டம் தழுவிய வலையில் ஏறத்தாழ முக்கால் பங்கை இருக்கும் குழாய்களைக் கொண்டே அமைக்கலாம் என்றது. ஜெர்மனியின் வலையமைப்பு ஆணையம் 2024 அக்டோபரில் 9,040 கிலோமீட்டர் மைய வலைக்கு அனுமதி தந்தது. அதில் சுமார் 60 விழுக்காடு பழைய குழாய்கள். மதிப்பீடு 1,890 கோடி யூரோ.

புதிதாகப் பதிப்பதில் ஒரு சிறு பங்கு செலவே ஆகும் என்பது இத்தரப்பின் முதன்மை வாதம். இதைச் சொன்னவர்களில் பலர் குழாய் உரிமையாளர்கள் என்பதை நினைவில் வைப்பது நல்லது. எரிவாயு குறைந்தால் மதிப்பிழக்கும் சொத்துக்கு மறுவாழ்வு தேடுவது அவர்களின் இயல்பான அக்கறை. நடைமுறை அந்த மதிப்பீடுகளைவிடக் கடுமையாக இருந்தது. டச்சு தேசிய வலையின் செலவு 150 கோடி யூரோ என்று தொடங்கி 2024இல் 380 கோடியாகத் திருத்தப்பட்டது. மாற்றிப் பயன்படுத்தக்கூடிய பழைய குழாய்களின் பங்கும் முதலில் எண்ணியதைவிடக் குறைந்தது. நார்வேயிலிருந்து ஜெர்மனிக்கு ஹைட்ரஜன் கொண்டுவரும் கடலடிக் குழாய்த் திட்டத்தை ஈக்வினார் நிறுவனம் 2024 செப்டம்பரில் கைவிட்டது. போதிய தேவையும் கட்டுப்படியாகும் விலையும் தென்படவில்லை.

தமிழ்நாட்டில் இத்தரப்புக்கு ஐரோப்பாவில் இல்லாத ஒரு வலுவான வாதம் இருக்கிறது: நிலம். கெயில் நிறுவனத்தின் கொச்சி–பெங்களூரு குழாய் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விளைநிலங்களைக் கடப்பதை எதிர்த்து விவசாயிகள் போராடினார்கள். நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுபோகச் சொன்னது மாநில அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 2016இல் கெயிலுக்குச் சாதகமாக முடிந்த பிறகும் கசப்பு தீரவில்லை. இங்கு ஏற்கெனவே புதைந்து கிடக்கும் குழாயின் உண்மையான மதிப்பு எஃகைவிட அதன் மேலுள்ள வழியுரிமையில்தான் அதிகம் எனலாம்.

எஃகின் சாட்சியம்

இரு தரப்புக்கும் நடுவே நிற்பது எஃகு. ஹைட்ரஜன் மூலக்கூறு எஃகின் பரப்பில் அணுக்களாகப் பிரிந்து உள்ளே ஊடுருவுகிறது. வெல்டிங் இணைப்பு, பழைய கீறல், கடினமான பகுதி போன்ற இடங்களில் சேர்ந்து உலோகத்தின் வளைந்துகொடுக்கும் தன்மையைக் குறைக்கிறது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் உள்ளிட்ட இடங்களில் நடந்த சோதனைகளின்படி, அழுத்தம் ஏறி இறங்கும்போது கீறல் வளரும் வேகம் ஹைட்ரஜனில் பத்து மடங்கும் அதற்கு மேலும் கூடக்கூடும். ஹைட்ரஜனின் பங்கு குறைவாக இருந்தாலும் விளைவு அதே விகிதத்தில் குறைவதில்லை என்பது கலப்புத் தரப்பு கவனிக்க வேண்டிய முடிவு.

மறுபக்கம், ஜெர்மனியின் குழாய் எஃகு வகைகளைச் சோதித்து 2023இல் வெளியான ‘சைவெஸ்ட்’ ஆய்வு, அவை அடிப்படையில் ஹைட்ரஜனுக்குத் தகுதியானவை என்றது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் முரண் அவ்வளவு பெரிதல்ல. கீறல் சிறிதாகவும் அழுத்த ஏற்றஇறக்கம் குறைவாகவும் இருந்தால், கீறல் பல மடங்கு வேகமாக வளர்ந்தாலும் குழாயின் ஆயுள் போதுமானதாகவே இருக்கும். ஏற்றஇறக்கம் மிகுந்தால் அதே எஃகுக்கு ஆயுள் குறையும். ஆக, எந்த எஃகு என்பதோடு அதை எப்படி இயக்கப்போகிறோம் என்பதும் சேர்ந்தே விடையாகிறது.

அழுத்தம் ஏற்றும் கம்ப்ரசர்கள் இன்னொரு தடை. ஒரே அளவு ஆற்றலைக் கொண்டுசெல்ல மூன்று மடங்கு கன அளவைத் தள்ள வேண்டும். இயற்கை எரிவாயுவுக்கான சுழல் கம்ப்ரசர்கள் இவ்வளவு இலேசான வாயுவுக்கு ஏற்றவையல்ல. கசிவும் எளிது. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் தீப்பற்றும். மீத்தேனுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 5 முதல் 15 வரை மட்டுமே. கசிந்த ஹைட்ரஜன் வளிமண்டலத்தில் மீத்தேனின் ஆயுளை நீட்டிப்பதால், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 11 மடங்கு மறைமுக வெப்பவிளைவு அதற்கு உண்டு என்று அண்மை ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

மூன்றாம் நிலைப்பாடு: நீள்குழாயே வேண்டாம்

ஹைட்ரஜனைத் தொலைவுக்குக் கொண்டுபோவதே தவறான தொடக்கம் என்பது மூன்றாம் தரப்பு. மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுபோய், தேவைப்படும் இடத்தில் ஹைட்ரஜன் எடுக்கலாம். கடல் கடக்க வேண்டுமானால் அமோனியாவாக்கிக் கப்பலில் ஏற்றலாம். வீட்டு வெப்பத்துக்கு ஹைட்ரஜன் உகந்ததல்ல என்று ஆற்றல் ஆய்வாளர் ஜான் ரோசெனோ 2022இல் 32 தனி ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது இத்தரப்புக்கு வலுச்சேர்த்தது. பிரிட்டனில் விட்பி, ரெட்கார் பகுதிகளில் வீடுகளுக்குத் தூய ஹைட்ரஜன் தரவிருந்த சோதனைகள் 2023இல் கைவிடப்பட்டன.

இதற்கும் குறைகள் உண்டு. உயரழுத்த மின்தடத்துக்கும் நிலம் வேண்டும், எதிர்ப்பும் வரும். மிகப் பெரிய அளவில், நெடுந்தொலைவுக்கு, தொடர்ச்சியாக ஆற்றலை அனுப்பும்போது குழாய் மலிவாக அமையலாம். அமோனியாவாக மாற்றுவதிலும், அதை மீண்டும் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதிலும் ஆற்றல் இழப்பு பெரிது. அமோனியாவாகவே பயன்படுத்தினால் பின்னதைத் தவிர்க்கலாம்.

தூத்துக்குடியில் குழாயின் திசை

இந்த மூன்று விடைகளையும் தூத்துக்குடியில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு உடனே தெரிகிறது. ஐரோப்பாவில் மாற்றப்படுவது எரிவாயுத் தேவை சரியும் நாடுகளில், இணையாகப் பல குழாய்கள் ஓடும் தடங்களில் ஒன்று. ஒன்றைக் காலிசெய்தாலும் மற்றொன்றில் எரிவாயு போகும். இங்கோ ஒற்றைக் குழாய். நாட்டின் ஆற்றலில் எரிவாயுவின் பங்கை 2030க்குள் 15 விழுக்காடாக உயர்த்துவது அரசின் இலக்கு. 2019இல் திறந்த எண்ணூர் எல்என்ஜி முனையம் தன் முழுக் கொள்ளளவான ஆண்டுக்கு 50 லட்சம் டன்னை எட்டிவிடவில்லை. ஓடத் தொடங்கிய தடத்தையே மாற்றுவதென்றால், அதை நம்பி நாப்தாவிலிருந்து எரிவாயுவுக்கு மாறிய ஸ்பிக் உரத் தொழிற்சாலைக்கு என்ன பதில்?

இரண்டாவது வேறுபாடு திசை. குழாய் எரிவாயுவைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவருகிறது. ஹைட்ரஜன் எடுக்கக் காற்றும் வெயிலும் இருப்பதோ ஆரல்வாய்மொழி, கயத்தாறு, தூத்துக்குடி என்ற தென்கோடியில். இங்கே எடுத்ததை மணலியின் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்ப வேண்டுமானால் வாயு வடக்கு நோக்கி ஓட வேண்டும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அனுப்புவதற்கு மீதம் இருக்குமா என்பதுதான். ஸ்பிக் ஆலையின் யூரியாத் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ 6.2 லட்சம் டன். அதற்கான அமோனியாவைக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் ஹைட்ரஜன் வேண்டும். அதை நீரைப் பகுத்து எடுக்க, கிலோவுக்கு 50 யூனிட் என்று கொண்டாலும் 300 கோடி யூனிட் மின்சாரம் ஆகும். வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் தொடங்கிய முன்னோடி ஆலை மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் தருவது. இரவு பகல் ஓடினாலும் ஆண்டுக்கு எட்டு டன்னைத் தாண்டாது. அது சோதனைக்கான ஆலை என்பது உண்மைதான். ஆனாலும் உள்ளூர்த் தேவைக்கும் கையிலிருப்பதற்கும் இடையிலான தொலைவை இந்த இரு எண்களும் காட்டுகின்றன.

யூரியாவுக்கு அமோனியாவோடு கரியமில வாயுவும் தேவை. இன்று இரண்டுமே இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கின்றன. பசுமை ஹைட்ரஜனுக்கு முழுதும் மாறினால் கரியமில வாயுவை வேறிடத்தில் தேட வேண்டும். இதே ஊரில் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, தன் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு செய்வதை 2016 முதல் நடத்திக்காட்டியிருக்கிறது. 2023இல் எகிப்தின் தமியேட்டாவிலிருந்து 37.5 டன் பசுமை அமோனியா அந்த ஆலைக்காக இத்துறைமுகத்தில் இறங்கியது. வாங்குபவரும் துறைமுகமும் சில கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர் இது.

ஏற்றுமதித் திட்டங்களும் குழாயை நாடவில்லை. ஏக்மி நிறுவனம் 2022 ஜூலையில் 52,474 கோடி ரூபாய்க்கும், செம்ப்கார்ப் பின்னர் 36,238 கோடி ரூபாய்க்கும் தமிழ்நாடு அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. இரண்டின் நோக்கமும் கடலோரத்தில் ஹைட்ரஜனை அமோனியாவாக்குவது. புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆலையாகிவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே இவற்றைப் படிக்க வேண்டும்.

காற்று, உப்பு, கடல்

மூன்றாவது வேறுபாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தென்மாவட்டக் காற்று மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் பொங்கி, பிறகு தணிகிறது. வெயில் பகலுக்கு மட்டும். ஆகவே ஹைட்ரஜன் உற்பத்தியும் ஏறி இறங்கும். ஜெர்மனி இந்த ஏற்றஇறக்கத்தை நிலத்தடி உப்புப் படுகைகளில் குடைந்த குகைகளில் சேமித்துச் சமாளிக்க எண்ணுகிறது. தூத்துக்குடியில் உப்பு விளைவது கடல்நீரில், உப்பளப் பாத்தியில். குகை குடைய நிலத்தடி உப்புப் படுகை இங்கில்லை. எனவே சேமிப்புச் சுமை தொட்டிகள் மீதோ குழாயின் மீதோ விழும். குழாயையே சேமிப்பிடமாக்கினால் அதன் அழுத்தம் நாள்தோறும் ஏறி இறங்கும். கீறலை வளர்ப்பது அதுவே என்று மேலே கண்டோம். ஜெர்மன் ஆய்வின் நம்பிக்கையை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கடலும் கணக்கில் வர வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது ஒன்பது லிட்டர் தூய நீர் வேண்டும், சுத்திகரிப்பும் குளிர்விப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். தாமிரபரணி நீரைத் தொழிற்சாலைகளுக்கு எடுப்பது ஏற்கெனவே சர்ச்சைக்குரியது. எனவே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளே வழி என்று சொல்லப்படுகிறது. அவற்றின் செறிந்த உவர்நீர் போய்ச் சேரும் மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இடையே 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். முத்துச்சிப்பிப் பார்கள் நலிந்த இந்தக் கடலில் பவளத்திட்டுகளும் கடற்புல்லும் சங்குக் குளிப்பவர்களின் பிழைப்பும் மிஞ்சியிருக்கின்றன. அமோனியா கசிந்தால் மீனுக்கு நஞ்சு. குழாயா கப்பலா என்ற விவாதத்தில் கப்பல் வெல்லும்போது ஆபத்து கடலோரத்துக்கு இடம்பெயர்கிறது என்பதை மூன்றாம் தரப்பு போதிய அளவு பேசவில்லை.

சட்டமும் பணமும்

2006ஆம் ஆண்டின் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டம், இயற்கை எரிவாயு என்பதை ஆழ்துளைகளிலிருந்து கிடைக்கும், முதன்மையாக ஹைட்ரோகார்பன் கொண்ட வாயுவாக வரையறுக்கிறது. சிறு கலப்பை அதற்குள் அடக்கி வாதிடலாம். தூய ஹைட்ரஜன் அடங்குமா என்பது ஐயத்துக்குரியது. எரிவாயுவுக்காகப் பெற்ற நில வழியுரிமை வேறொரு வாயுவுக்குச் செல்லுமா என்ற கேள்வியை நிலத்துக்காரர்கள் எழுப்பக்கூடும். மாற்றும் செலவை எரிவாயு நுகர்வோர் சுமப்பதா, ஹைட்ரஜன் வாங்குபவர் சுமப்பதா, அரசு சுமப்பதா என்பதும் தீரவில்லை. ஜெர்மனி அந்தச் சுமையை 2055 வரை நீளும் கணக்கில் பரப்பி வைத்திருக்கிறது.

மதிப்பீடு

சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால் சில முடிவுகளைத் தயக்கத்தோடு சொல்லலாம். எரிவாயுக் குழாயை ஹைட்ரஜனுக்கு மாற்றுவது தொழில்நுட்பத்தில் இயலாத காரியமல்ல. அதன் வெற்றி எஃகின் வகை, இயக்கும் முறை, இரு முனையிலும் நிற்கும் நுகர்வோர் ஆகிய மூன்றையும் பொறுத்தது. கலப்பு, கற்றுக்கொள்ள உதவும் சோதனை என்ற அளவில் பயனுள்ளது. உமிழ்வைக் குறைக்கும் கொள்கையாக அதன் பலன் சிறிது. முழு மாற்றம், எரிவாயுத் தேவை சரிந்து குழாய்கள் மிஞ்சும் நாடுகளுக்குப் பொருந்தும் விடை. தூத்துக்குடி இன்று அந்த நிலையில் இல்லை.

திறந்தே இருக்கும் கேள்விகளும் குறைவல்ல. பருவக்காற்றின் ஏற்றஇறக்கத்தில் இந்தியக் குழாய்களின் வெல்டிங் இணைப்புகள் எத்தனை ஆண்டு தாங்கும்? 2040களில் எரிவாயுத் தேவை குறைந்தால் இந்தத் தடம் வடக்கு நோக்கி ஹைட்ரஜன் கொண்டுபோகும் நிலை வருமா? மன்னார் வளைகுடா எத்தனை குடிநீராக்கும் ஆலைகளைத் தாங்கும்? இவற்றுக்கு வெளிநாட்டு ஆய்வறிக்கைகளில் விடை கிடைக்காது.

அதுவரை செய்யத்தக்கவை மூன்று. துறைமுகத்தையும் ஆலைகளையும் இணைக்கும் ஹைட்ரஜன், அமோனியாக் குழாய்களைக் குறுகிய தொலைவுக்கு, அதற்கெனவே வடிவமைத்துப் பதிக்க வேண்டும். ராமநாதபுரம்–தூத்துக்குடிக் குழாயின் எஃகு, இணைப்பு, அழுத்த வரலாறு ஆகிய தரவுகளை இப்போதிருந்தே முறையாகச் சேர்த்து, பொது ஆய்வுக்குத் திறந்துவைக்க வேண்டும். குழாய்க்கும் ஆலைக்கும் தனித்தனியாகச் சூழல் அனுமதி தருவதற்குப் பதிலாக, வளைகுடா முழுமைக்கும் ஒரே மதிப்பீட்டை முதலில் நடத்த வேண்டும். தூத்துக்குடி முதலில் தீர்க்க வேண்டியது ஹைட்ரஜனை எங்கே எடுப்பது, யார் பயன்படுத்துவது என்பதை. எந்தக் குழாய் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.